ஓஷ் வண்டியில் ஐந்தாவது ஆள்

பல்லாவரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஓடும் ஜெரோமின் ஷேர் ஆட்டோவில், பின்பக்கம் 'எட்டு பேர் மட்டும்' என்று எழுதியிருக்கும். அதை எழுதிய பெயிண்டர் ஒன்பதாவது ஆளாக அதே வண்டியில் ஏறித்தான் வீட்டுக்குப் போனார். பத்தாவது ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

கோவிலம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு ஜெரோமுடையது. இருபத்தாறு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி சரசு கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் ஏஞ்சல். நான் தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். வராவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஷேர் ஆட்டோ தொழிலில் ஒரே ஒரு விதிதான். ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். காலையில் மேடவாக்கத்தில் புறப்படும்போதே எல்லா வண்டியும் நிரம்பிவிடும். அதனால் நடுவழியில், அதாவது எங்கள் ஊரில், எட்டரை மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் பாடு திண்டாட்டம். மற்ற டிரைவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஜெரோம் மட்டும் நிறுத்துவார்.

"அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க. அண்ணா, பைய மடில வெச்சிக்கோ. சார், ஒரு கால வெளிய வுட்டுக்கோ சார், ஒண்ணும் ஆவாது."

இப்படியே எல்லாரையும் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, தன் சீட்டிலும் பாதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் தொங்கிக்கொண்டு ஓட்டுவார். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டுவார். மறுநாளும் ஏற்றுவார். ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"பத்தாங்கிளாஸ் கணக்கு பரீட்ச அன்னிக்கி இதே ஸ்டாப்புல நின்னேன் சார். ஏழு பஸ்ஸு ஃபுல்லா போச்சி. ஒருத்தனும் நிறுத்தல. போய்ச் சேரசொல்ல கேட்ட மூடிட்டான். அத்தோட படிப்பு காலி. நடுவுல நிக்கிறவனுக்கு யார் சார் கீறாங்க?"

அவருடைய அக்காவிடம் இதைச் சொன்னபோது, பரீட்சை எழுதியிருந்தாலும் அவன் தேறியிருக்க மாட்டான் என்று சிரித்தார். எது எப்படியோ, ஜெரோம் அந்தக் காரணத்தை உண்மையாகவே நம்பினார்.

ஏஞ்சல் அப்பாவைப் போல இல்லை. கணக்கில் புலி. டாக்டராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இங்கே இடம் கிடைக்கவில்லை. பொழிச்சலூரில் இருந்த மனையை விற்று, கிர்கிஸ்தானில் ஓஷ் என்ற ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். ஆறு வருடம். போன ஜூன் மாதம் பட்டமளிப்பு விழா. சின்ன அரங்கம் என்பதால் ஒரு மாணவருக்கு ஒரு நாற்காலிதான், குடும்பத்தில் ஒருவர்தான் வரலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. சரசு போவார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஏஞ்சல் போனில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: "அம்மா, நீ தப்பா நினைக்கலனா அப்பாவ அனுப்பறியா? அப்பா இதுவரைக்கும் என் ஸ்கூல் ஃபங்ஷன் ஒண்ணுக்குக்கூட டைமுக்கு வந்ததில்ல."

அது முழு உண்மை. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் ஜெரோம் கிளம்புவார். வழியில் யாராவது நிற்பார்கள். அவரை இறக்கிவிட்டு வருவதற்குள் ஏஞ்சல் பரிசு வாங்கி, வீட்டுக்கும் வந்திருப்பாள். இந்த ஒரு தடவையாவது அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் அந்தப் பெண் கேட்டது.

பயணத் திட்டம் போட என்னிடம் வந்தார்கள். சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து தலைநகர் பிஷ்கெக், இதுவரை சிக்கல் இல்லை. பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் போவதுதான் கேள்வி. அந்த நாட்டில் பெரும்பகுதி மலை. இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் கிடையாது. ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் மினி பஸ் ஓடுகிறது, ஆனால் அந்தப் பெரிய மலையைத் தாண்டிப் போவதெல்லாம் கார்தான். நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும் வாடகைக் கார். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், பன்னிரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் விமானம், முக்கால் மணி நேரம்.

"நாலு பேர் ரொம்புனாத்தான் எடுப்பானா சார்?" என்று ஜெரோம் ஆவலாகக் கேட்டார்.

"உனக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நீ பிளேன்ல போற" என்றேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஒரு முழு நாள் கையிருப்பு. மலைநாட்டில் பயணம் என்றால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிஷ்கெக்கிலிருந்து ஜெரோமின் போன் வந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறது, விமானம் ரத்து. அடுத்து இடம் இருப்பது சனிக்கிழமை சாயங்காலம்தான்.

"தனி கார் ஒண்ணு பேசி எடுத்துக்கோ ஜெரோம்."

"வேணா சார். தனியா போனா டிரைவர் எப்பிடிப்பட்டவன்னு தெரியாது, தூங்கி வழிஞ்சாக்கூட கேக்க ஆள் கெடையாது. ஷேர்ல போனா நாலு ஜோடி கண்ணு அவன் மேல கீது. அதான் சேஃப்டி."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஜெரோம் சொல்லி, ஏஞ்சல் திருத்தி, நான் கேட்டது.

ஸ்டாண்டில் நாற்பது கார்கள் நின்றன. பளபளவென்று ஒரு புதுக் கார், உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆள், உடனே கிளம்பலாம் என்று டிரைவர் ஜெரோமின் கையைப் பிடித்து இழுத்தான். ஜெரோம் அந்த மூன்று பேரைப் பார்த்தார். மூன்று பேர் கையிலும் பை இல்லை. ஒருவன் காலில் வீட்டுச் செருப்பு. பன்னிரண்டு மணி நேரப் பயணம் போகிறவன் பை இல்லாமல் போவானா? வண்டி நிரம்பியது போலக் காட்ட டிரைவர்கள் தங்கள் ஆட்களையே உட்கார வைக்கும் வித்தை பல்லாவரத்திலும் உண்டு. ஜெரோமே அதற்காக உட்கார்ந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கடைசியில் ஒரு பழைய காரைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே ஒருவரும் இல்லை. டயர் நன்றாக இருந்தது. டிரைவர் பாக்கித், ஐம்பது வயதிருக்கும், முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கிய கண். அவ்வளவு போதும் என்று ஜெரோம் முன்சீட்டில் பையைப் போட்டார். பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நடு ரோட்டில் இறங்கி நின்று, மேடவாக்கம் மேடவாக்கம் என்று கூவும் அதே ராகத்தில், "ஓஷ் ஓஷ் ஓஷ் ஓஷ்" என்று கூவினார். நாற்பது டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் பாக்கித்தின் கார் நிரம்பியது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் சரியாகப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு ஓஷ்.

இதுவரை ஜெரோம் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மூளையும் அவர் மூளையும் சேர்ந்திருந்தால்கூட இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

மலை ஏறத் தொடங்கும் முன் கடைசியாக ஒரு ஊர். அதன் எல்லையில், சாலையோரத்தில், ஒரு வயதான அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். தலையில் துணி, கையில் ஒரு மூட்டை. முன்னால் போன மூன்று கார்களும் நிறுத்தவில்லை. நிரம்பிய கார்கள் எப்படி நிறுத்தும்? நீட்டிய கையை அந்த அம்மா கீழே இறக்காமல் அடுத்த காருக்காக அப்படியே வைத்திருந்ததைப் பார்த்ததும் ஜெரோம் பாக்கித்தின் தோளைத் தட்டினார்.

"அண்ணா, நிறுத்துணா. ஒரு ஆளுதான். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

பாக்கித் நாலு விரலைக் காட்டி, தலையை ஆட்டி, மலைப்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். நாலு பேருக்கு மேல் கூடாது, மேலே போலீஸ் இருக்கிறது என்பதுதான் அது. ஜெரோமுக்குப் புரியாமல் இல்லை. போலீஸ் எங்கேதான் இல்லை? கதவைத் திறக்கப் போவது போல அவர் கைப்பிடியில் கை வைத்ததும் பாக்கித் பயந்து வண்டியை நிறுத்தினார். ஜெரோம் இறங்கி, அந்த அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, பின்சீட்டில் மூன்று பேருக்கு நடுவே நாலாவதாகத் தன்னைச் செருகிக்கொண்டார். அந்த அம்மாவும் ஓஷ்தான் போகிறார், மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு முட்டியும் வலி என்பதெல்லாம் சைகையிலேயே தெரிந்துகொண்டார். பின்சீட்டில் இருந்தவர்களில் ஒருவன் மட்டும் முணுமுணுத்தான். அவன் கையில் ஜெரோம் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்ததும் அடங்கினான்.

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதற்கு முன்னால் சோதனைச் சாவடி. ஜூன் மாதத்திலும் சரிவில் அங்கங்கே பனி. போலீஸ்காரர் கதவைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஐந்து. அபராதம் எழுதினார். ஜெரோம் தானே கொடுக்கிறேன் என்று பையைத் திறந்தார். நம் ஊரில் அதோடு முடிந்துவிடும். அங்கே முடியவில்லை. அபராதமும் கட்ட வேண்டும், ஒருவர் இறங்கவும் வேண்டும், நாலு பேராகத்தான் சுரங்கத்துக்குள் போகலாம்.

முன்சீட்டிலிருந்த அம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு மெதுவாகக் காலைக் கீழே வைத்தார். அவர் இரண்டாவது காலை வைப்பதற்குள் ஜெரோம் இறங்கிவிட்டார்.

"நீ உக்காரும்மா. நான் பின்னாலயே வரேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் நினைத்தார். பல்லாவரத்தில் ஒரு வண்டியை விட்டால் பத்து நிமிடத்தில் அடுத்தது. அவர் பெட்டி டிக்கியில் எல்லார் சாமானுக்கும் அடியில் இருந்தது. அதில்தான் ஏஞ்சலுக்குச் சரசு கொடுத்தனுப்பிய பட்டுப் புடவை இருந்தது. அதை எடுக்க நேரமாகும், போலீஸ் விரட்டுகிறார். பாக்கித்தின் போனில் ஏஞ்சலின் எண்ணைப் போட்டுக் கொடுத்து, பெட்டியை அவளிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு, தோள்பையோடு ஓரமாக நின்றுகொண்டார். அப்போது மதியம் பன்னிரண்டு மணி.

கார்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாலு பேர். அங்கே ஒவ்வொரு காரும் நிரம்பித்தான் கிளம்புகிறது என்பது காலையில் அவருக்குப் பிடித்த விஷயமாக இருந்தது. ஐந்தாவது ஆளை ஏற்ற ஒரு டிரைவரும் தயாராக இல்லை, கண்ணெதிரே போலீஸ் நிற்கும்போது எப்படி ஏற்றுவான்? ஜெரோம் கையை நீட்டிக்கொண்டே நின்றார். அறுபத்து மூன்று கார்கள் போயின. எண்ணினாராம். போனில் சிக்னல் இல்லை. போலீஸ்காரருக்கே மனம் கேட்காமல் தேநீர் கொடுத்தார், ஒரு கம்பளியும் கொடுத்தார்.

"இன்னா நினைச்ச அப்ப?" என்று பிறகு நான் அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"அழுகையா வந்துச்சி சார். நான் இறங்கனது தப்புன்னு தோணல. ஆனா கொழந்த ஒரு தபா கேட்டுது, அத்தக்கூட குடுக்க முடிலயேன்னு ரொம்ப பேஜாரா பூட்ச்சி."

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. வெங்காய லோடு, மெதுவாகத்தான் போனது. பாதி வழியில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் லாரி டிரைவர் தூங்கப் போய்விட்டார். அங்கே சிக்னல் கிடைத்தது. ஏஞ்சலைக் கூப்பிட்டார். பெட்டி அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பாக்கித் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று எதுவும் கேட்காமல் அவள் கேட்டது, "பதினோரு மணிக்குள்ள வந்துடுவியா?"

"வந்துர்றேம்மா."

காலை ஐந்து மணிக்கே அந்த ஊர் ஸ்டாண்டில் போய் நின்றார். கார் இருந்தது, டிரைவர் இருந்தார், ஆள் இல்லை. ஆள் நிரம்பாமல் டிரைவர் எடுக்க மாட்டார். மற்ற மூன்று இடத்துக்கும் சேர்த்துத் தானே தருகிறேன் என்று ஜெரோம் கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சி, அந்த டிரைவருக்குப் புரிய வைத்துக் கிளம்பும்போது ஏழரை ஆகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் தான் எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்திருப்போம் என்று அந்த இரண்டரை மணி நேரத்தில் யோசித்தாராம். அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓஷ் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கல்லூரி வாசலில் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் அப்பா அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சல் அங்கே இல்லை. உள்ளே ஓடினார். அரங்கம் காலி. இரண்டு பணியாளர்கள் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் மடிக்காமல் இருந்தது. முதுகில் ஏஞ்சலின் பெயர் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அங்கிக்குக் கீழே அம்மாவின் பட்டுப் புடவை.

ஜெரோம் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "உக்காரு."

அழுக்குப் பேன்ட்டோடு உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தார். பின்னால் நாற்காலி மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த அம்மா வந்திருந்தாங்கப்பா" என்றாள் ஏஞ்சல். "நேத்து உன் வண்டில வந்தவங்க. பெட்டி கொண்டாந்த டிரைவர்கிட்ட காலேஜ் எங்கன்னு கேட்டுகிட்டாங்களாம். ரொட்டி சுட்டு எடுத்துகிட்டு, உன்னப் பாத்து நன்றி சொல்லணும்னு வந்தாங்க. ஹால்ல இடமே இல்ல. ஓரமா நின்னாங்க. இந்த சேர் காலியாத்தான் இருந்தது. அவங்களுக்குக் குடுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க மேடம்கூட சொன்னாங்க."

"குடுத்தியா?"

"குடுக்கல. ரெண்டு மணி நேரம் அவங்க நின்னுகிட்டேதான் இருந்தாங்க. சேர் காலியாத்தான் இருந்தது."

ஜெரோம் நிமிர்ந்து பார்த்தார். ஆயிரம் மன்னிப்பு மனதில் வைத்துக்கொண்டு வந்த மனிதன். வாயில் வந்தது வேறு.

"குடுத்துருக்கலாமேம்மா. பாவம், அவுங்களுக்கு ரெண்டு முட்டியும் வலி."

ஏஞ்சல் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் என்கிறாள் ஏஞ்சல்.

"ஊர்ல எல்லாருக்கும் இடம் குடுக்க நீ இருக்க" என்றாள். "உனக்குக் குடுக்க நான் ஒருத்திதானேப்பா இருக்கேன்."

பணியாளர்கள் மற்ற எல்லா நாற்காலிகளையும் வெளியே கொண்டுபோய் முடித்து, இவர்களுக்காக வாசலில் நின்றார்கள். அவள் எழுந்திருக்கச் சொல்லும்வரை ஜெரோம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.